தாத்தாவின் அப்பா யார்? ஆவணங்களையும் டிஎன்ஏயையும் வைத்து விடை தேடச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவார்: "உங்க தாத்தா கொள்ளுத்தாத்தாவுக்குப் பொறந்த பிள்ளை இல்லப்பா, அவரோட தம்பி மகன். இவரு எடுத்து வளர்த்தாரு." அன்றிலிருந்து குடும்பத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி டிஎன்ஏ சோதனைப் பெட்டி வாங்கலாம் என்னும். இன்னொரு கட்சி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்னும்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இந்த மாதிரிச் சர்ச்சை கிளம்பும் இடங்கள் பெரும்பாலும் நாலுதான். முதலாவது, ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி. 1961இல் மாதர் சாசனம் வரும்வரை இந்து முறைப்படி மணந்தவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்ற சட்டக் கட்டாயம் இல்லை. கோவிலில் தாலி கட்டியதோடு சரி, பல திருமணங்களுக்குப் பதிவே கிடையாது. அடுத்தது, இறந்துபோன அண்ணன் தம்பியின் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே பதிந்து வளர்த்தது. மூன்றாவது, சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளை நம்மவர்கள் எடுத்து வளர்த்தது. கடைசியாக ஜப்பான்காரன் காலம்: 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை கப்பல் இல்லை, கடிதம் இல்லை, ஆட்கள் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை.

சோதனைப் பெட்டியைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் எச்சில் துப்பி அனுப்பினால் சில வாரங்களில் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகள் வரிசையாக வந்து நிற்கும். அங்கே கோடிக்கணக்கானவர்கள் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்தத் தளங்களில் குறைவு. வலை வீசிவிட்டுக் காத்திருந்தால் நமக்கு மீன் விழாது. காகிதத்தை வைத்து, சாத்தியமான பெற்றோரை இரண்டு மூன்று பேராகக் குறைத்து, அவர்களின் வாரிசுகளில் யாரைச் சோதித்தால் விடை வரும் என்று கணக்குப் போட்டு, அந்த ஆளிடம் போய்க் கேட்க வேண்டும். நம் குடும்பங்களுக்கு ஒத்துவருகிற வழி அது.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எங்கள் பூர்வீகம் என்ன" என்பது விடை கிடைக்கிற கேள்வி இல்லை. "1944இல் சிங்கப்பூரில் பிறந்த தாத்தாவின் தந்தை, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெரியவரா, அவருடைய தம்பியா, அல்லது இரத்த உறவில்லாத வேறு ஒருவரா?" என்பது கேள்வி.

இந்தக் கற்பனைக் குடும்பத்தையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பெரியவர் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங்கில் நேவல் பேஸில் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகனும் மகளும் முதுமையில் இன்னும் இருக்கிறார்கள். இங்கே இன்னொரு மனைவி, அவர் மூலமாகத் தாத்தா. தாத்தா இறந்து மண்டாயில் எரியூட்டியாகிவிட்டது. தாத்தாவின் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பி சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. "தாத்தா அந்தத் தம்பியின் பிள்ளை" என்பது ஊர்க் கிளையின் கட்சி.

பெரியவர்களிடம் பேசுவது

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். ஆவணம் காப்பகத்தில் காத்திருக்கும். எண்பத்தெட்டு வயது பாட்டி காத்திருக்க மாட்டார்.

நேராக "தாத்தா யார் பிள்ளை" என்று கேட்டால் பாடம் பண்ணிய பதில்தான் வரும். சடங்குகளைப் பற்றிக் கேளுங்கள். தாத்தாவுக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார்ந்தார்? தாய்மாமன் சீர் யார் வீட்டிலிருந்து வந்தது? பெரியவர் இறந்தபோது கொள்ளி வைத்தது யார்? தம்பிக்கு வருஷாவருஷம் திதி கொடுத்தது யார்? ஊரில் காரியத்துக்குத் தகவல் போனதா, போனால் யார் வந்தார்கள்? சடங்கில் ஒவ்வொருவருக்கும் இடம் இருக்கிறது, அந்த இடத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. தம்பியின் திதியைத் தாத்தா சின்ன வயதிலிருந்தே செய்துவந்தார் என்றால் அது கவனிக்க வேண்டிய செய்தி. அதுவே நிரூபணம் இல்லை; பிள்ளையில்லாத சித்தப்பனுக்கு அண்ணன் மகன் செய்வதும் வழக்கம்தான்.

ஒவ்வொரு வாக்குமூலத்துக்குப் பக்கத்திலும் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: இவருக்கு இது எப்படித் தெரியும், இவருக்கு இதில் சொத்து அல்லது மானம் சம்பந்தப்பட்டிருக்கிறதா. ஒரே ஆளிடம் கேட்ட கதையைப் பத்துப் பேர் சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்.

சிங்கப்பூர் ஆவணங்கள்

பிறப்புப் பதிவிலிருந்து தொடங்குங்கள். பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளின் படிக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். கையில் கிடைத்ததும் எல்லோரும் தந்தை பெயர்க் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள். தந்தையே போய்ப் பதிந்தாரா, மருத்துவமனையா, மருத்துவச்சியா, பக்கத்து வீட்டுக்காரரா? பிறந்த தேதிக்கும் பதிந்த தேதிக்கும் எவ்வளவு இடைவெளி? குழந்தை பிறந்த ஒரு வாரத்தில் பதிந்ததற்கும், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமே என்று ஆறு வருஷம் கழித்துப் பதிந்ததற்கும் மதிப்பு ஒன்றல்ல.

ஜப்பானிய ஆட்சியிலும் பதிவு நடந்தது. அந்தச் சான்றிதழ்களில் ஆண்டு 2602 முதல் 2605 வரை ஜப்பானியக் கணக்கில் இருக்கும். 2604 என்றால் 1944.

தந்தை பெயர் காலியாக இருந்தால், தந்தை யாரென்று தாய்க்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சட்டப்படி மணமாகாத தாயின் குழந்தைக்கு, இருவரும் சேர்ந்து கேட்டால்தான் தந்தை பெயரை எழுதுவார்கள். மறுபக்கமும் உண்டு. சாட்சியச் சட்டத்தின்படி, செல்லுபடியாகும் மணவாழ்க்கை நீடிக்கையில் பிறந்த குழந்தையும், மணமுறிவு அல்லது கணவர் மரணத்துக்குப் பின், தாய் மறுமணம் செய்யாதிருக்கையில், 280 நாளுக்குள் பிறந்த குழந்தையும் அந்தக் கணவரின் குழந்தையாகவே கொள்ளப்படும். ஆக, காகிதத்தில் இருக்கும் தந்தை சட்டம் சொன்ன தந்தை. பல சமயம் இருவரும் ஒருவரே; எப்போதும் அல்ல.

பெயர் தேடும்போது எழுத்துக்கூட்டல் படுத்தும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறுமுகம் ஓரிடத்தில் அர்மூகம், இன்னோரிடத்தில் ஆரூமுகன் என்று படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பார். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். தேடப் போகுமுன் உங்கள் குடும்பப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு கூட்டல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தந்தை பெயர் மகன் பெயராகவும், ஊர்ப் பெயர் தந்தை பெயராகவும் மாறிக் கிடப்பது சாதாரணம்.

1948இல் அடையாள அட்டைகள் வந்தன. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபின் குடியுரிமைச் சான்றிதழ்கள் வந்தன. தகர டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் இவை முக்கியமானவை. தாத்தாவின் வயது ஒவ்வோர் அட்டையிலும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வேலைக்காக வயதைக் கூட்டியதும் குறைத்ததும் நடந்திருக்கிறது.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஓஃபிர் சாலையில் 1888இலிருந்து இருக்கும் லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே கட்டப்பட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். அந்த இரண்டு பெயர்கள் எந்தப் பக்கத்து உறவு என்று கண்டுபிடித்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும். முஸ்லிம் குடும்பங்களுக்குத் திருமணப் பதிவு 1880களிலேயே தொடங்கிவிட்டது. இந்துக் குடும்பங்களுக்குத்தான் 1961க்கு முன் பெரிய ஓட்டை.

செய்தித்தாளையும் விட்டுவிடாதீர்கள். தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம். மரண அறிவித்தல்களில் மகன்கள், மகள்கள், மருமக்கள், "ஊரில் உள்ள மனைவி மக்கள்" என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொல் தேடலை மட்டும் நம்பாமல், இறந்த தேதிக்குப் பின் இரண்டு வாரத்து இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். பழைய அச்செழுத்தை இயந்திரம் தப்பாகப் படித்துவிடும். பெரியவர் வீடோ கடையோ வைத்திருந்தவர் என்றால் உயில், சொத்து நிர்வாக ஆவணங்களையும் கேளுங்கள். அவற்றில் வாரிசுகள் உறவுமுறையோடு இருப்பார்கள், பொய் சொன்னால் எதிர்த்துப் பேச ஆளும் இருந்திருப்பார்கள். கல்லறை இருந்தால் இன்னொரு வாசல். பிடாடாரி 1972இல் மூடப்பட்டு, 2001இலிருந்து தோண்டப்பட்டது. அப்போது எச்சங்களுக்கு உரிமை கோரி வந்த குடும்பம் எது என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

ஊர் ஆவணங்கள்: இங்கேதான் சரக்கு அதிகம்

சிங்கப்பூர்ப் பதிவேடுகள் சுத்தமாக, சுருக்கமாக இருக்கும். ஊரில் கிடைப்பது அழுக்குப் பிடித்த நோட்டுப் புத்தகம். ஆனால் அதை எழுதியவர்களுக்குக் குடும்பம் தெரியும்.

முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம். சொத்தைப் பிரிக்கும்போது இன்னாரின் குமாரர் இன்னார், சிங்கப்பூரில் இருப்பவர், அவருக்காக இன்னார் கையெழுத்து என்று வரும். தாத்தாவுக்குப் பங்கு வந்ததா? வந்திருந்தால் பெரியவர் பங்கிலிருந்து வந்ததா, தம்பி பங்கிலிருந்தா? பங்கே வராமல் "விடுதலைப் பத்திரம்" எழுதி வாங்கியிருக்கிறார்களா? உரிமை இல்லாதவரிடம் யாரும் விடுதலை எழுதி வாங்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றிதழில் பத்திர எண்ணைப் பிடித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். மிகப் பழைய பத்திரங்களுக்கு நேரில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும்.

அடுத்தது தலைக்கட்டு வரி நோட்டு. குலதெய்வக் கோவில் திருவிழாவுக்குப் பங்காளி வீடுகளில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. சிங்கப்பூரிலிருந்து தாத்தா பெயரில் வரி போயிருக்கிறதா, எந்த வகையறாவின் கீழ் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எடுத்து வளர்த்த பிள்ளைக்குத் தலைக்கட்டு கொடுப்பதா வேண்டாமா என்று கூட்டம் கூடிப் பேசியிருந்தால், அந்தப் பேச்சு யாருக்காவது ஞாபகம் இருக்கும். மொய் நோட்டும் அப்படித்தான்: ஒரே பெயர் மூன்று கல்யாணத்தில் தாய்மாமன் மொய் எழுதியிருந்தால் தாய்வழி எது என்று தெரிந்துவிடும்.

நகரத்தார் குடும்பங்களுக்கு இந்த வேலை பாதி முடிந்த மாதிரி. ஒன்பது நகரக் கோவில்களில் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்பதும், திருமணமானதும் கோவிலில் புள்ளி (தம்பதியை ஒரு குடும்பமாகக் கணக்கில் சேர்ப்பது) பதிவதும் தலைமுறைகளாக நடக்கிறது. பிள்ளை கூட்டினால், அதாவது தத்தெடுத்தால், அதுவும் ஊரறிய நடக்கும் சடங்கு.

ஜாதகத்தைச் சோதிடத்துக்காக இல்லாமல் தேதிக்காகப் பாருங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும்: தாரண என்றால் 1944–45, அதற்கு முன் 1884–85. சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, குரு ஏறக்குறைய ஓராண்டு இருப்பதால், கட்டத்தில் இருவரும் நிற்கும் இடத்தை வைத்து எழுதப்பட்ட வருஷம் உண்மையா என்று சரிபார்க்கலாம். ஆக்கிரமிப்புக் காலத்தில் சிங்கப்பூர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடியது, முந்தைய நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். ஊர் ஜோசியர் அதைக் கணக்கில் எடுக்காமல் கட்டம் போட்டிருந்தால் லக்னம் தவறியிருக்கும். அதை வைத்து ஜாதகமே பொய் என்று சொல்லிவிட முடியாது.

காலவரிசை

சேர்த்த எல்லாவற்றையும் ஒரே தாளில் மாத வாரியாக எழுதுங்கள்: யார், எந்தத் தேதியில், எந்த ஊரில். இது சலிப்பான வேலை. பல சர்ச்சைகள் இதிலேயே தீர்ந்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.

நம் உதாரணத்தில் தாத்தா 1944 மார்ச்சில் பிறந்தார் என்று சான்றிதழ். கருவுற்றதிலிருந்து பிறப்புவரை ஏறக்குறைய 38 வாரம் என்றால் கரு உண்டானது 1943 ஜூன் வாக்கில். தம்பி சயாமுக்கு ஏற்றப்பட்டது 1943 ஏப்ரலா, ஆகஸ்டா? ஏப்ரல் என்றால் தம்பி கட்சி அங்கேயே விழுந்துவிடுகிறது, பிறந்த தேதி உண்மையாக இருக்கும் பட்சத்தில். ஆகஸ்ட் என்றால் இரண்டு கட்சியும் உயிரோடு இருக்கிறது.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். பெரியவர் போர்க்காலம் முழுக்கச் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டவர். அப்படியானால் 1942 கடைசி முதல் 1946 நடுப்பகுதி வரை ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் அவருடையதாக இருக்க முடியாது. "உங்க தாத்தா அவர் பிள்ளை இல்லை" என்று சொன்ன ஊர்க் கிளையின் மீதே கேள்வி திரும்பலாம். உறவினரிடம் எச்சில் கேட்கப் போகுமுன் இதை நீங்கள் தனியாக யோசித்து வைத்திருக்க வேண்டும்.

யாரைச் சோதிப்பது

ஒவ்வொரு கட்சியும் உண்மையானால் எண் என்னவாக வர வேண்டும் என்று சோதனைக்கு முன்பே எழுதுங்கள். பங்கிட்ட டிஎன்ஏயைச் சென்டிமோர்கன் என்ற அலகில் சொல்வார்கள். உறவு தெரிந்த பலரின் எண்களைச் சேர்த்த ஷேர்ட் சிஎம் (சென்டிமோர்கன்) புராஜெக்ட் என்ற திரட்டின் 2020ஆம் ஆண்டு அட்டவணையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கீழே உள்ள எண்கள் அதிலிருந்து.

தாத்தா இல்லை, அவருடைய பிள்ளைகளையும் பெரியவரின் ஊர் மகளையும் ஒப்பிடப் போகிறோம். தாத்தா பெரியவரின் மகன் என்றால், ஊர் மகளும் தாத்தாவும் ஒரே தந்தைக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவர்கள். தாத்தாவின் பிள்ளைக்கு அவர் அரை அத்தை. சராசரி 871, வீச்சு 492 முதல் 1315 வரை. தாத்தா தம்பியின் மகன் என்றால், ஊர் மகள் தாத்தாவின் பெரியப்பா மகள். தாத்தாவின் பிள்ளையோடு அவருக்குச் சராசரி 433, வீச்சு 102 முதல் 980 வரை. இரத்த உறவே இல்லை என்றால் பூஜ்யத்தை ஒட்டி.

வீச்சுகளைக் கவனியுங்கள். 492க்கும் 980க்கும் இடையில் ஓர் எண் வந்தால் இரண்டு கட்சியும் "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று சொல்லலாம். அதனால் ஒரே ஒரு ஜோடியைச் சோதிப்பது பணத்தை வீணாக்குவது. தாத்தாவின் ஒரு பிள்ளையிடம் தாத்தாவின் டிஎன்ஏயில் பாதி இருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் சராசரியாக முக்கால். மூவரையும் சேர்த்தால் 87.5 சதவீதம். மூவரையும் சோதியுங்கள். அந்தப் பக்கம் ஊர் மகள், ஊர் மகன் இருவரையும். ஆறு ஒப்பீடு கிடைக்கும். ஆறும் 800, 900 என்று வந்தால் ஒரு கதை. ஆறும் 350, 450 என்று வந்தால் வேறு கதை.

ஊர் மகளையும் ஊர் மகனையும் தங்களுக்குள்ளும் ஒப்பிட வேண்டும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களுக்குச் சராசரி 2613. அந்த இருவரில் ஒருவர் போர்க்காலத்தில் பிறந்தவராக இருந்து, எண் 1700 பக்கம் வந்தால், உங்கள் அளவுகோலே வளைந்திருக்கிறது.

யாரைச் சோதித்தால் பயனில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவருக்கும் தம்பிக்கும் ஒரு தங்கை இருந்து, அவர் பிள்ளைகள் ஆசையாகக் கன்னத்தைக் காட்டினாலும், "பெரியவரா தம்பியா" என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. இரண்டு பேருமே அவர்களுக்கு மாமன்தான். "உறவே இல்லையா" என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் உதவுவார்கள். தம்பிக்கு வேறு பிள்ளை இருந்து அவர் வழி வாரிசு கிடைத்தால், அது தங்கம்.

கேட்பது எப்படி

யாருடைய எச்சிலையும் அவருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். டம்ளரையும் சீப்பையும் களவாடுகிற வேலை வேண்டாம்.

ஊர் அத்தையிடம் பேசும்போது முதலிலேயே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: இது சொத்துக்காக இல்லை, முடிவு எப்படியும் வரலாம், உங்கள் பக்கத்திலும் எதிர்பாராதது வரலாம். "என்னப்பா, அம்பது வருஷம் கழிச்சு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டால் அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்காதீர்கள். அவர் மறுத்தால் மறுத்ததுதான். மகனையோ பேத்தியையோ பிடித்து நெருக்க வேண்டாம்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. இந்தியாவிலிருந்து உயிரியல் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உறவினர் சிங்கப்பூருக்கு வரும்போது இங்கேயே எடுத்து அனுப்புவது சுலபம். எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும். குழாய் நிறைய எச்சில் துப்பச் சொல்லும் ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ வகைகளைவிட, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுக்கும் மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ வகைகள் அவர்களுக்கு வசதி. எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தில் செய்யுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கிடும் முறை மாறும், எண்களைக் கலக்க முடியாது.

தனியுரிமையையும் யோசியுங்கள். 23அண்ட்மீயில் 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி, பிறகு கைமாறியது. முடிவு வந்ததும் மூலக் கோப்பை (டிஎன்ஏ தரவுக் கோப்பு) பதிவிறக்கிக்கொண்டு, வேண்டாமென்றால் கணக்கை அழித்துவிடலாம் என்பதை உறவினரிடம் சொல்லிவையுங்கள்.

மாமன் மகள் கல்யாணம் கணக்கைக் கெடுக்கும் விதம்

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்த அட்டவணை எண்கள் பெற்றோர் இரத்த உறவில்லாதவர்கள் என்ற எண்ணத்தில் வாசிக்கப்படுபவை. நம் வீடுகளில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டியிருக்கிறார்கள்.

நம் பெரியவர் ஊரில் கட்டியது தன் தாய்மாமன் மகளை என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஊர் மகள், தந்தை வழியில் மட்டுமல்லாமல் தாய் வழியிலும் தாத்தாவுக்கு உறவு. தாய் வழியில் அவர்கள் இரண்டுவிட்ட உறவு, அதற்குச் சராசரி 229. தாத்தா பெரியவரின் மகனாக இருந்தாலும் தம்பியின் மகனாக இருந்தாலும் இந்த 229 கூடும். தாத்தாவின் பிள்ளைக்கு வரும்போது அதில் பாதி, அதாவது 115 அளவு. ஆக, எதிர்பார்க்க வேண்டிய சராசரிகள் 871, 433 அல்ல. 985, 550 என்று வரும். இது தெரியாமல் 560 என்ற எண்ணைப் பார்த்தவர், அது அரை அத்தை வீச்சுக்குள் இருக்கிறது, 433க்கு மேலே இருக்கிறது என்று பெரியவர் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுவார். உண்மையில் அந்த எண் தம்பி பக்கம் சாய்கிறது.

அதனால் குடும்ப மரத்தை வரையும்போது மணமகள் யார் வீட்டுப் பெண் என்பதை மூன்று தலைமுறைக்கு எழுதுங்கள். மூலக் கோப்புகளை ஏற்றி ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் ஒருவரின் பெற்றோர் உறவினரா என்று பார்க்கும் கருவி இருக்கிறது, அதில் ஒவ்வொருவரையும் ஓட்டிப் பாருங்கள். டிஎன்ஏ பெயிண்டர் தளத்தின் 'வாட் ஆர் தி ஆட்ஸ்' கருவி கட்சிகளின் சாத்தியத்தை எடை போட உதவும். ஆனால் இரட்டை உறவை அது தானாகக் கணக்கில் எடுக்காது. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களைப் போலத் தலைமுறைகளாக ஊருக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. சின்னச் சின்னத் துண்டுகள் நிறையப் பொருந்தும். நீளமான துண்டுகளுக்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள்.

ஒய், எக்ஸ், இனச் சதவீதம்

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். தாத்தாவின் மகனையும் பெரியவரின் ஊர் மகனையும் ஒய் சோதனைக்கு உட்படுத்தி, இரண்டும் பொருந்தவில்லை என்றால், ஊர் மகன் பெரியவருக்குப் பிறந்தவர்தான் என்ற பட்சத்தில், பெரியவரும் இல்லை, தம்பியும் இல்லை. பொருந்தினால் இருவரில் யார் என்று சொல்லாது. அந்த வகையறாப் பங்காளிகள் எல்லோரிடமும் அதே ஒய்தான். விலக்குவதற்கு நல்ல ஆயுதம், நிரூபிப்பதற்கு மந்தமான ஆயுதம்.

சர்ச்சைக்குரியவர் தாத்தா இல்லாமல் பாட்டியாக இருந்து, அவர் உயிரோடும் இருந்தால், எக்ஸ் குரோமோசோமைப் பாருங்கள். ஆணிடம் ஒரே எக்ஸ்தான். அதை மகள்கள் எல்லோருக்கும் முழுசாக அப்படியே கொடுக்கிறார். ஆகவே ஒரே தந்தையின் இரண்டு மகள்கள், தாய் வேறாக இருந்தாலும், ஒரு முழு எக்ஸைத் தலையிலிருந்து வால்வரை பங்கிட்டிருப்பார்கள். நடுவில் தெளிவான இடைவெளி இருந்தால் தந்தை ஒருவர் அல்ல. சென்டிமோர்கன் எண் இரண்டுங்கெட்டானாக நிற்கும்போது இது வழக்கை முடித்துவிடும். எக்ஸ் பொருத்தத்தை மைஹெரிட்டேஜும் ஆன்செஸ்ட்ரியும் காட்டுவதில்லை. ஃபேமிலிட்ரீடிஎன்ஏ, ஜெட்மேட்ச் காட்டும்.

சீனக் குடும்பத்திலிருந்து வந்த குழந்தை என்ற சந்தேகம்தான் எல்லாவற்றிலும் சுலபம். பாட்டியின் பிள்ளைக்கு ஏறக்குறைய பாதி, பேரப்பிள்ளைக்கு ஏறக்குறைய கால்வாசி கிழக்காசியா என்று வந்தால் வாதமே இல்லை. கடினம் அதற்குப் பிறகுதான்: பெற்ற குடும்பத்தைக் கண்டுபிடிப்பது. தத்தெடுப்புச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டாலும் பல குழந்தைகள் நீதிமன்ற வாசலை மிதிக்காமலே கைமாறினார்கள். மற்றபடி இனச் சதவீதப் படத்தைப் பார்த்துப் பரவசப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. "தென்னிந்தியா" என்று காட்டும் அந்தப் படம் ஊரையோ வகையறாவையோ சொல்லாது, சாதியைச் சொல்லவே சொல்லாது.

முடிவை எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வி, மூன்று கட்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஆதரவான ஆவணம், எதிரான ஆவணம், எதிர்பார்த்த எண், வந்த எண். எதிரான ஆவணத்தை மறைக்காமல் அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்குங்கள். "பெரியவரின் மகன் என்பதே மிகவும் சாத்தியம்" என்று எழுதுவதில் வெட்கமில்லை. ஆறு ஒப்பீடும் காலவரிசையும் பத்திரமும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் "உறுதி" என்ற சொல்லைப் போடுங்கள்.

இந்தச் சோதனைகளை வைத்துச் சொத்து வழக்குப் போட முடியாது. மாதிரி யாருடையது என்பதை அடையாளம் சரிபார்த்து, சாட்சியோடு எடுக்கும் சோதனை தனி; அதற்கு வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

குடும்ப மரத்தில் இரத்த உறவுக்கு ஒரு கோடு, வளர்த்த உறவுக்கு ஒரு கோடு என்று இரண்டையும் வரையுங்கள். ஒன்றை அழித்து இன்னொன்றைப் போடாதீர்கள். முடிவை முதலில் மாதிரி கொடுத்தவர்களிடம், தனித்தனியாக, தொலைபேசியிலோ நேரிலோ சொல்லுங்கள். அவர்கள் சரி என்ற பிறகுதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இரண்டு பக்கம் உங்கள் கோப்பில் இருக்கட்டும், மூலக் கோப்புகளின் நகலோடு. எந்தக் கணக்கு யார் பெயரில், கடவுச்சொல் யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதி வையுங்கள்.